விதிக்கு அடங்காத சொல்லை என்ன செய்வது?

இரண்டு உறவு மொழிகளின் சொற்களை அருகருகே எழுதி ஒப்பிடத் தொடங்கினால் முதலில் எல்லாம் அழகாகப் பொருந்தி வரும். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சேரி, கன்னடத்தில் கேரி. நம் சிறிய அங்கே கிரிய. நம் செருப்பு அங்கே கெர. செம்மை, சிவப்பு என்ற சொற்களின் வேர் அங்கே கெம்பு என்று வருகிறது. இ, ஈ, எ, ஏ ஆகிய உயிர்களுக்கு முன்னால் பழைய ககரம் தமிழில் சகரமாகிவிட்டது என்று ஒரு விதி எழுதலாம். எழுதி முடித்ததும் கிளி வந்து நிற்கும். அது சிளி ஆகவில்லை. கெடு செடு ஆகவில்லை. கேள், கீழ், கிழவன் எல்லாமே ககரத்தோடு அப்படியே இருக்கின்றன.

ஒப்பிடுபவர் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். அவர் முன்னால் நான்கு வழிகள் உண்டு. விதியில் நாம் கவனிக்காத நிபந்தனை ஏதோ இருக்கிறது என்று தேடலாம். அடங்காத சொல் வேறு மொழியிலிருந்து வந்த கடன் என்று சொல்லலாம். பக்கத்துச் சொற்களின் சாயலில் அது தன்னைத் திருத்திக்கொண்டது, அதாவது ஒப்புமையாக்கம் நடந்தது என்று சொல்லலாம். மாற்றம் சொல் சொல்லாகப் பரவியது, இந்தச் சொல்லை எட்டும் முன் நின்றுவிட்டது என்றும் சொல்லலாம். நான்கும் உலக மொழிகளில் உண்மையாகவே நடந்திருக்கின்றன. அதனால்தான் தேர்வு கடினமாகிறது. எந்தச் சொல்லுக்கு எதை எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது?

ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு. பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது. நம் மரபிலக்கணத்தில் நலம்–நலன், நிலம்–நிலன் போன்றவற்றைப் போலி என்பார்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நின்றாலும் பொருள் மாறாது என்று சொல்ல அந்தப் பெயர் போதும். எந்தச் சூழலில், எந்தத் திசையில், எப்போது மாறியது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் சொற்பிறப்பு எழுதக் கிளம்பினால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் கட்டிவிடலாம். கிரேக்கத்தில் கடவுளைக் குறிக்கும் தெயோஸ், லத்தீனில் தேயுஸ். கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டுக்கும் வேர் வேறு. ஆர்மேனியத்தின் எர்கு, லத்தீனின் துவோ இரண்டுக்கும் ஒலியில் ஒரு ஒற்றுமையும் தெரியாது. ஆனாலும் இரண்டும் 'இரண்டு' என்ற ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகள். காரணம், பழைய த்வ் என்ற தொடக்கம் ஆர்மேனியத்தில் எர்க் ஆனது மற்ற சொற்களிலும் ஒழுங்காகக் காணப்படுகிறது. காதுக்கு ஒத்துப்போவது சான்று ஆகாது. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதே சான்று. இணையத்தில் தினமும் பரவும் 'இந்தச் சொல் அந்தச் சொல்லிலிருந்து வந்தது' வகைப் பதிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையைத் தாங்காது.

முதல் வழியிலிருந்து தொடங்குவோம், மறைந்திருக்கும் நிபந்தனை. கிளி, கெடு, கேள், கீழ், கிழவன் இவற்றை ஒரே வரிசையில் எழுதிப் பாருங்கள். உயிருக்கு அடுத்து வரும் மெய்கள் ள், ட், ள், ழ், ழ். எல்லாம் நாக்கை மேலே வளைத்துச் சொல்லும் ஒலிகள். செவி, செய், சேரி, சிறிய இவற்றில் அப்படி இல்லை. (ற் நாவளை ஒலி இல்லை, பழைய உச்சரிப்பில் அது பல்லின் மேல் ஈற்றில் பிறந்தது.) திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பர்ரோ 1943இல் இந்த ககர மாற்றத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த நிபந்தனையைத் தெளிவாக்கியது: அடுத்து நாவளை மெய் வந்தால் தமிழில் ககரம் மாறாது. உடலியக்கக் காரணமும் இருக்கிறது. நாவளை ஒலிக்கு நாக்கு தயாராகும்போது முன்னுயிர் (இ, எ போல நாக்கின் முன்பகுதியில் பிறக்கும் உயிர்) சற்றுப் பின்னால் இழுக்கப்படுகிறது. ககரத்தைச் சகரமாக்குவது முன்னுயிரின் முன்மைதான். அது குறைந்தால் மாற்றமும் நடக்காது. தெலுங்கில் இந்த நிபந்தனை இல்லை. அங்கே செவியும் உண்டு, கெடு என்பது செடு, கிளிக்கு உறவான சொல் சிலுக. கன்னடம் மாறவே இல்லை, தமிழ் நிபந்தனையோடு மாறியது, தெலுங்கு நிபந்தனையின்றி மாறியது. விதிவிலக்கு என்று ஒதுக்கியிருந்தால் இந்த அழகான மூன்று நிலைகளும் நம் கண்ணில் பட்டிருக்காது.

சீழ் எங்கே போயிற்று என்று கூர்மையான வாசகர் கேட்பார். கன்னடத்தில் கீவு. ஆக மூல ஒலி ககரம். அடுத்து ழகரம் வந்தும் தமிழில் சகரம் ஆகிவிட்டதே? தமிழில் சீ என்ற குறுவடிவமும் அதே பொருளில் இருக்கிறது, தெலுங்கில் சீமு. மூன்று மொழிகளில் இரண்டில் ழகரத்தின் தடமே இல்லை. சீ என்று மாறிய பிறகே தமிழில் ழகரம் ஒட்டியது என்று கொள்வது பொருத்தம். விதியை இறுகப் பிடித்தால் சொல்லின் உறுப்புகள் எந்த வரிசையில் சேர்ந்தன என்பதுகூடத் தெரிய வருகிறது.

இந்த வழிக்குப் பெரும் நம்பிக்கை கொடுத்தவர் டென்மார்க்கின் கார்ல் வெர்னர். ஜெர்மானிய மொழிகளில் பழைய ப, த, க ஒலிகள் உரசொலிகளாக (காற்று உரசி வெளிவரும் ஒலிகளாக) மாறின என்று ராஸ்க் 1818இலும் கிரிம் 1822இலும் காட்டியிருந்தார்கள். ஆனால் விலக்குகள் குவிந்து கிடந்தன. சமஸ்கிருதத்தின் ப்ராதா, பிதா இரண்டிலும் நடுவில் ஒரே தகரம். பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் சகோதரனைக் குறிக்கும் சொல்லில் அது எதிர்பார்த்தபடி ஒலிப்பில்லாத (குரல்நாண் அதிராத) உரசொலி. தந்தையைக் குறிக்கும் சொல்லில் ஒலிப்புள்ள ஒலி. ஏன்? 1870களின் நடுவில் வெர்னர் விடையைச் சமஸ்கிருதத்தின் அசையழுத்தத்தில் கண்டார். ப்ராதாவில் அழுத்தம் முதல் அசையில், பிதாவில் கடைசி அசையில். அழுத்தம் உடனே முன்னால் இருந்தால் உரசொலி ஒலிப்பில்லாமல் நின்றது, இல்லையென்றால் ஒலிப்புப் பெற்றது. அந்தப் பழைய அழுத்தமே ஜெர்மானிய மொழிகளில் அழிந்து, எல்லாச் சொற்களிலும் முதல் அசைக்கு நகர்ந்துவிட்டது. காரணம் மறைந்துபோனது, விளைவு மட்டும் மிச்சம். லெஸ்கின் 1876இலும், ஓஸ்ட்ஹோஃபும் புருக்மனும் 1878இலும் 'ஒலிவிதிகளுக்கு விலக்கே இல்லை' என்ற கொள்கையைத் துணிந்து முன்வைத்ததற்கு இதுபோன்ற வெற்றிகளே பின்பலம். அவர்களை இளம் இலக்கணிகள் என்கிறோம்.

இந்த வழியில் ஒரு ஆபத்து உண்டு. நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விதி எழுதிவிடலாம். அது விளக்கம் ஆகாது. ஆகவே நிபந்தனை மூன்று தேவைகளை நிறைவேற்ற வேண்டும் என்பேன்: பல சொற்களைத் தழுவ வேண்டும், வாயும் நாக்கும் இயங்கும் முறையில் அதற்குக் காரணம் இருக்க வேண்டும், சொல்லின் பொருளை அது நாடக் கூடாது.

முதல் தேவை எப்போதும் உடனே நிறைவேறாது என்பதற்கு அமெரிக்க மொழியியலாளர் புளூம்ஃபீல்டின் அல்கொங்கியன் மொழிக்குடும்ப ஆய்வு சான்று. வட அமெரிக்காவின் ஃபாக்ஸ், ஒஜிப்வே, கிரீ, மெனாமினி மொழிகளை ஒப்பிட்ட அவர், 'சிவப்பு' என்ற பொருள் கொண்ட ஒரே ஒரு வேரில் ஒலிப் பொருத்தம் மற்ற எந்தத் தொகுதியோடும் சேராததைக் கண்டார். ஒற்றைச் சொல்தானே என்று விடாமல், மூலமொழியில் அதற்கெனத் தனி மெய்க்கூட்டு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று 1925இல் எழுதினார். பிறகு மனிடோபா பகுதியின் சதுப்புநிலக் கிரீ வழக்கில், மற்ற மெய்க்கூட்டுகளிலிருந்து வேறுபட்ட ஒலி அதே சொல்லில் உயிரோடு இருப்பது தெரிந்தது. 1928இல் அவரே அதைப் பதிவு செய்தார். எழுத்தே இல்லாத மொழிகளிலும் ஒழுங்கை நம்பி முன்கூட்டிச் சொல்லலாம் என்பது இப்படி நிலைபெற்றது. முதல் வழிதான் முன்கூட்டிச் சொல்லும் துணிவைத் தருகிறது. தவறு என்றால் தவறு என்று தெரிந்துவிடும். மற்ற மூன்று வழிகளுக்கு இந்தக் குணம் குறைவு.

கடன் என்ற வழி எளிதானது, அதனாலேயே அதிகம் வீணடிக்கப்படுவது. சரியாகப் பயன்படுத்தினால் காலக் கணக்கே கிடைக்கும். கன்னடத்தில் சொல்லின் முதலில் வந்த பகரம் பத்தாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஹகரமாக மாறியது: பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூ. இன்று பகரத்தில் தொடங்கும் கன்னடச் சொற்களில் பெரும்பகுதி புஸ்தக, பாட போல வெளியிலிருந்து வந்தவை. ஆனால் திருவிழாவைக் குறிக்கும் ஹப்ப என்ற சொல்லும் வெளியிலிருந்து வந்ததுதான். வடமொழிப் பர்வ, பிராகிருத வழியாகப் பப்ப ஆகி, கன்னடத்துக்குள் ஹப்ப ஆனது. மாற்றத்துக்கு முன்பே வந்து சேர்ந்ததால் அதுவும் மற்றவற்றோடு மாறியது. ஆங்கிலத்தில் சட்டையைக் குறிக்கும் ஷர்ட்டும் பாவாடையைக் குறிக்கும் ஸ்கர்ட்டும் ஒரே வேர். ஸ்க் என்ற கூட்டு ஆங்கிலத்தில் ஷ் ஆகிவிட்டது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்களின் மொழியில் ஆகவில்லை. மூலமொழி, வந்த வழி, காலம் மூன்றையும் காட்ட முடிந்தால் கடன் வலுவான விளக்கம். 'ஏதோ ஒரு மொழியிலிருந்து வந்திருக்கலாம்' என்பது விளக்கமே அல்ல.

ஒப்புமையாக்கத்துக்கு லத்தீனின் ஒரு சொல் போதும். மதிப்பு என்ற பொருளில் ஹொனோஸ். வேற்றுமை ஏற்கும்போது ஹொனோஸெம். இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்த ஸகரம் ரகரமாக மாறியதால் அது ஹொனோரெம் ஆயிற்று; சொல்லிறுதி ஸகரம் மாறவில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு அடிகள் வந்துவிட்டன. பிறகு பேசுபவர்கள் மற்ற வடிவங்களைப் பார்த்து எழுவாயையும் ஹொனோர் ஆக்கிக்கொண்டார்கள். ஒழுங்கான ஒலிமாற்றம் இலக்கணத்தைக் குலைக்கிறது, ஒழுங்கற்ற ஒப்புமை அதைச் சீர் செய்கிறது. இந்த விளக்கத்தை எடுப்பவர் எந்த வடிவத்தைப் பார்த்து எந்த வடிவம் மாறியது என்று சுட்டிக் காட்ட வேண்டும். முன்மாதிரி இல்லாத ஒப்புமையை நான் ஏற்பதில்லை.

நான்காவது வழிக்குத் திராவிட மொழிகளிலேயே நல்ல சான்று உண்டு. ஷுகார்ட் 1885இலேயே இளம் இலக்கணிகளை எதிர்த்து எழுதினார். சொல்வழிப் பரவலைக் கருத்தாக வளர்த்தவர் வில்லியம் வாங் (1969). மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1978இல் திராவிட மொழிகளிலிருந்து அதற்குச் சான்று கொடுத்தார். தெலுங்கில் உரல் ரோலு ஆனது, இரண்டு ரெண்டு ஆனது. முதல் உயிரும் அடுத்த மெய்யும் இடம் மாறும் இந்த இடப்பெயர்ச்சி தெலுங்கும் அதன் நெருங்கிய உறவு மொழிகளும் சேர்ந்த குழுவில் நூற்றாண்டுகள் எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பரவியது.

நமக்கு இன்னும் நெருக்கமானது சகர இழப்பு. மத்திய இந்தியாவில் பேசப்படும் திராவிட மொழியான கோண்டியில் ஐந்துக்குச் சய்யுங், ஆறுக்குச் சாருங் என்ற வடிவங்கள் உண்டு. நம் ஐந்தும் ஆறும் முதல் சகரத்தை இழந்த சொற்கள். உப்பும் அப்படித்தான், கோண்டியின் வட்டாரங்களில் அது சோவர், ஹோவர், ஓவர் என்று மூன்று படிகளில் கிடைக்கிறது. தமிழில் இந்த இழப்பு முழுமையாகவில்லை. சிறகு–இறகு இரண்டும் இருக்கின்றன. சிப்பி–இப்பி இரண்டும் நூல்களில் உண்டு. சிறகும் இறகும் இப்போது பொருளிலும் பிரிந்துவிட்டன. எந்தச் சூழலில் சகரம் போனது, எதில் நின்றது என்று யாரும் இதுவரை கறாரான நிபந்தனை காட்டவில்லை. ஆனால் கோண்டி வட்டாரங்களை ஆராய்ந்து கிருஷ்ணமூர்த்தி 1998இல் சொன்னது இன்னொரு முக்கியமான செய்தி: அதே மாற்றம் சொல் சொல்லாகப் பரவியும், சில வட்டாரங்களில் கடைசிச் சொல் வரை சென்று ஒழுங்காக முடிந்திருக்கிறது. ஒழுங்கும் பரவலும் எதிரிகள் என்று நினைத்து நூறாண்டு நடந்த வாதத்தில், முடிந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் ஒழுங்கைக் கண்டார்கள், நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தைப் பார்த்தவர்கள் பரவலைக் கண்டார்கள் என்று எனக்குப் படுகிறது. வில்லியம் லபாவ் 1981இல் வேறு கோணத்தில் பிரித்தார்: உயிரொலி மெல்ல மெல்ல நகர்வது போன்ற மாற்றங்கள் ஒழுங்காக நடக்கும், ஒலி வேறு வகைக்கு ஒரேயடியாகத் தாவும் மாற்றங்களில் பரவல் தெரியும்.

சரி, நான்கையும் ஒரே தரவில் மோதவிட்டுப் பார்ப்போம். எழுத்துத் தமிழின் படித்தான், சிரித்தான், தெரிந்தது, வைத்தான், ஐந்து, காய்ந்தது பேச்சில் படிச்சான், சிரிச்சான், தெரிஞ்சது, வச்சான், அஞ்சு, காஞ்சது. நடந்தான், எடுத்தான் மாறுவதில்லை. ஆக இ, ஐ, ய் இவற்றுக்குப் பின் த்த, ந்த வந்தால் ச்ச, ஞ்ச. இப்போது அடங்காதவை.

பைத்தியம், வைத்தியம், சைத்தான் மாறவில்லை. மூன்றுக்கும் மூலமொழி தெரியும்; மாற்றம் ஓய்ந்த பிறகு பேச்சில் ஊன்றிய கடன் என்பது பொருந்துகிறது. வடமொழியிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் மைத்துனன் மட்டும் மச்சினன் ஆகியிருக்கிறது. ஹப்ப போல அது முன்பே வந்தது. இங்கே கடன் வழி வெல்கிறது.

வயிற்றில், கயிற்றில் என்பவை வயித்துல, கயித்துல என்று வருகின்றன. இகரத்துக்குப் பின் த்த இருந்தும் வயிச்சுல என்று யாரும் சொல்வதில்லை. இதற்குக் கடனோ பரவலோ தேவையே இல்லை. ற்ற, த்த ஆனது பிந்தி நடந்தது. அது வந்து சேர்ந்தபோது ச்ச ஆக்கும் விதி வேலையை முடித்துவிட்டது. இரண்டு விதிகளின் கால வரிசையை நம் அன்றாடப் பேச்சே சொல்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இப்படிப்பட்ட இடங்கள்தான்.

இந்த, இத்தனை இரண்டும் மாறவில்லை. ஒப்புமை என்று சொல்ல நா துடிக்கும்: அந்த, எந்த பக்கத்தில் இருப்பதால் இந்த தன் வடிவத்தைக் காத்துக்கொண்டது. முன்மாதிரியும் கையில் இருக்கிறது. ஆனால் சிந்து, பித்து, வித்து ஆகியவையும் மாறவில்லை. இவற்றைக் காக்க அந்த, எந்த போன்ற துணை எதுவும் இல்லை. முதலசையில் வரும் இகரம் மாற்றத்தைத் தூண்டுவதில்லை, ஐ அல்லது ய் தூண்டும் என்று வைத்தால் ஐந்து சொற்களும் ஒரே வீச்சில் அடங்கும். ஒப்புமை இரண்டை மட்டுமே விளக்கும். அதனால் நிபந்தனையையே தேர்ந்தெடுக்கிறேன். வேரும் விகுதியும் சேரும் இடத்தில்தான் மாற்றம் நடந்தது என்று சிலர் கருதலாம். அப்படிக் கொண்டால் மச்சினன் இடிக்கிறது. அதே சமயம், முதலசை இகரத்துக்கு மட்டும் ஏன் வலு இல்லை என்பதற்கு ஒலியியல் காரணம் காட்டும் வரை என் நிபந்தனையும் பாதி விளக்கம்தான்.

பரவல் வழிக்கு இந்தத் தரவில் வேலையே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை முதலில் எடுத்திருந்தால் எல்லா விலக்குகளையும் ஒரே வரியில் முடித்திருக்கலாம்: 'இன்னும் பரவவில்லை.' கடன்களின் காலமும் விதிகளின் வரிசையும் கிடைத்தே இருக்காது.

ஆகவே யார் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். பழைய மொழிகளை ஒப்பிட்டு மூலவடிவம் தேடுபவர் விலக்கில்லா ஒழுங்கை வேலைக்கான அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நிபந்தனையும் விதிகளின் வரிசையும், அடுத்து கடன், அப்புறம் ஒப்புமை, கடைசியில்தான் பரவல். பரவலைச் சொல்வதானால் சிறகு–இறகு போன்ற இரட்டை வடிவங்களையோ, கோண்டியைப் போல வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் படிகளையோ காட்ட வேண்டும். வாழும் பேச்சில் இப்போது நடக்கும் மாற்றத்தை ஆராய்பவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர் சொல்லுக்குச் சொல், ஆளுக்கு ஆள் எண்ணியே தொடங்க வேண்டும். அங்கே முன்கூட்டியே ஒழுங்கை எதிர்பார்த்தால் தரவு கண்ணில் படாமல் போகும். அடிக்கடி புழங்கும் சொற்கள் தேய்வதும் (என்று என்பது 'ன்னு' ஆவது போல) ஒலிக்குறிப்புச் சொற்களும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தொல்லை. விதி எழுதும்போது அவற்றைத் தனிப் பட்டியலில் வைப்பது நல்லது.

நான்கு வழிகளிலும் சிக்காத சொற்களும் உண்டு. கீறு அப்படி ஒன்று. அடுத்து வரும் ற் நாவளை ஒலி இல்லை. அதே ற் வரும் சிறு மாறிவிட்டது. நெடில் தடுத்தது என்றால் சீ மாறியிருக்கக் கூடாது. கன்னடத்திலும் தெலுங்கிலும் உறவுச் சொற்கள் இருக்கின்றன, அவையும் ககர வரிசையில்தான். கீற்று போன்ற வடிவங்களோடு இவ்வளவு வேரூன்றிய வினையைக் கடன் என்று சொல்லத் துணிவு வரவில்லை. பொருளில் நெருங்கிய கிழி, ழகரத்தால் ககரத்தைக் காத்துக்கொண்ட சொல். அதன் சாயல் கீறுவைப் பிடித்து வைத்ததா என்பதே நான் முதலில் சோதிக்க நினைப்பது. அதற்குச் சாயல் படாத உறவு வடிவம் ஒன்று, சகரத்தோடு, ஏதாவது ஒரு வட்டார வழக்கில் கிடைக்க வேண்டும். கிடைக்கும் வரை கீறு எந்த வழியிலும் சிக்காத சொற்களின் பட்டியலில் விளக்கமில்லாமலே இருக்கட்டும்.